கணக்கு யார் கையில்? இசைத் தொழிலைப் பற்றி இசைக்கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரெக்கார்டிங் அறைகளில் வயலின் வாசித்து வருகிறேன். கடந்த சில ஆண்டுகளாக, கைக்கு வந்த ராயல்டி (பாட்டு பயன்படும்போது அதை உருவாக்கியவர்களுக்குச் சேரும் பங்கு) அறிக்கையைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் இளம் இசைக்கலைஞர்களோடு உட்கார்ந்து அதை வரி வரியாகப் படிப்பதும் என் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், என்னால் முடிந்தவரை நேர்மையாக நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன.

இசைக்கலைஞர்களின் மனக்குறை அடிப்படையில் எதைப் பற்றியது? வருமானம் குறைவு என்பதா?

வருமானம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வருமானம் குறைவான தொழில் என்று தெரிந்தேதான் பெரும்பாலோர் இதற்குள் வருகிறோம். ஆற்றாமை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. தன் பாட்டு எத்தனை முறை ஒலித்தது, அதற்காக யார் எவ்வளவு கொடுத்தார்கள், இடையில் யார் எதைக் கழித்தார்கள் என்பதை அந்தப் பாட்டை உருவாக்கியவரே பார்க்க முடிவதில்லை. அவருக்குக் கிடைப்பது கடைசித் தொகை மட்டுமே.

ஓர் அறிக்கையைத் திறந்து பாருங்கள். நான்காயிரம் வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நாட்டின் பெயர், ஓர் இணைய இசைத் தளத்தின் பெயர், சந்தா வகை, எண்ணிக்கை, புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கங்கள் நீளும் ஒரு தொகை. ஒரே மாதத்தில், ஒரே பாட்டுக்கு, ஒரே நாட்டில் மூன்று வெவ்வேறு விகிதங்கள். ஏன் என்று கேட்டால் அதற்கான விளக்கம் அந்த அறிக்கையில் எங்கும் இராது. நான் பார்த்த கோபங்களில் பெரும்பாலானவை இந்த இருட்டிலிருந்து பிறந்தவை. கீழே வரும் கேள்விகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இங்கேயே வந்து சேரும்.

ஒரே பாட்டுக்கு இரண்டு உரிமைகள் என்கிறார்களே, அது என்ன?

மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அந்தப் படைப்பைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலி மற்றொன்று. முதலாவதன் உரிமை இசையமைப்பாளரிடமும் பாடலாசிரியரிடமும் தொடங்குகிறது. இரண்டாவதை மாஸ்டர் என்பார்கள், அது பெரும்பாலும் செலவு செய்த இசை நிறுவனத்திடம் இருக்கும். ஒரு பாட்டு ஒருமுறை ஒலிக்கும்போது இந்த இரண்டுக்கும் தனித்தனி வழிகளில் பணம் நகர்கிறது. பாடகர் ஒருவர் பாட்டை எழுதவும் இல்லை, மாஸ்டரும் அவருடையது இல்லை என்றால், உலகமே அவர் குரலைக் கேட்டாலும் அவருடைய வருமானம் ஒப்பந்தத்தில் அவருக்கென்று எழுதப்பட்ட சதவீதத்தை மட்டுமே நம்பி நிற்கும்.

முன்பணம் வாங்கினேன், ஆல்பம் நன்றாகவே ஓடியது. ஆனாலும் ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லையே, ஏன்?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்பணம் என்பது பரிசும் இல்லை, சம்பளமும் இல்லை. உங்களுக்குப் பின்னால் வரவேண்டிய ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் தொகை அது. ரெக்கார்டிங் செலவு, பெரும்பாலும் வீடியோச் செலவில் ஒரு பங்கு, சில ஒப்பந்தங்களில் விளம்பரச் செலவிலும் ஒரு பங்கு ஆகியவை அதனோடு சேர்க்கப்படும்.

எந்த நாணயமாக இருந்தாலும் சரி, முன்பணமும் ரெக்கார்டிங் செலவும் சேர்த்து 10,00,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ராயல்டி 15 சதவீதம். ஆல்பம் 10,00,000 ஈட்டிவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி ஓடுவதில்லை. கழிவு உங்களுடைய 15 சதவீதத்திலிருந்து மட்டுமே நடக்கிறது. அந்தப் பங்கு 10,00,000 ஆக வேண்டுமானால் ஆல்பம் ஏறக்குறைய 66,67,000 ஈட்டியிருக்க வேண்டும். அந்த நாளில் நிறுவனத்தின் கையில் தன் முதலீட்டைப் போல ஆறரை மடங்குக்கு மேல் வந்திருக்கும். அதிலிருந்து விநியோகம், ஊழியர் சம்பளம் என்று நிறுவனமும் செலவழிக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் அந்த நாள் வரை "இன்னும் ஈடாகவில்லை" என்றுதான் இருக்கும்.

இதைவிட மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. கடன் முழுவதும் ஈடான பிறகும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கிறது. வட்டியும் முதலும் கட்டி மீட்ட நகை, அடகு பிடித்தவரின் பெட்டியிலேயே கிடப்பதைப் போன்றது இது.

முதல் ஆல்பத்தின் பற்றாக்குறையை இரண்டாவது ஆல்பத்தின் வருவாயிலிருந்து எடுத்துக்கொள்ளும் நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. இரண்டாவது ஆல்பம் பெரிய வெற்றி பெற்றும் பாடகரிடம் பணம் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். பழைய ஒப்பந்தங்களைப் படித்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். எளிதில் உடையும் அரக்கு இசைத்தட்டுகளின் காலத்தில், உடைந்த தட்டுகளுக்காக 10 சதவீதம் கழிக்கும் வழக்கம் வந்தது. உடையாத தட்டுகள் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் விற்பனையில் 90 சதவீதத்துக்கு மட்டுமே ராயல்டி கணக்கிடும் வரி ஒப்பந்தங்களில் தொடர்ந்து இடம்பெற்றது.

புகழின் உச்சியில் இருப்பவர்களுக்கும் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டிஎல்சி என்ற மூவர் குழு 1995ஆம் ஆண்டு திவால் மனு தாக்கல் செய்தது. அப்போது கடைகளில் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் பின்னர் அந்த நாட்டில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அவர்களுக்கு வேறு கடன்களும் இருந்தன. ஆனாலும் வானொலியைத் திறந்தால் எந்நேரமும் ஒலிக்கும் குரல்கள் நீதிமன்றத்தில் கடன்காரர்களாக நின்ற காட்சி, அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்களை ஒப்பந்தத்தை ஊன்றிப் படிக்க வைத்தது.

மாஸ்டர் உரிமைக்காக ஏன் இவ்வளவு போராட்டம்?

பாட்டு எங்கே ஒலிக்கலாம், எந்த விளம்பரத்தில் சேரலாம், யாருக்கு விற்கப்படலாம் என்பதையெல்லாம் மாஸ்டர் யாரிடம் இருக்கிறதோ அவரே முடிவு செய்கிறார். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1993ஆம் ஆண்டு தன் பெயரையே உச்சரிக்க முடியாத ஒரு சின்னமாக மாற்றிக்கொண்டதும், கன்னத்தில் "அடிமை" என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு மேடையேறியதும் தன் நிறுவனத்தோடு இந்த உரிமைக்காக நடத்திய போராட்டத்தில்தான். 2014இல்தான் அவருக்கு அந்த நிறுவனத்தோடு மாஸ்டர்களைப் பற்றி உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்துவிட்டார்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019ஆம் ஆண்டு அவருடைய எதிர்ப்பையும் மீறி வேறொருவருக்குக் கைமாறின. மெட்டும் வரிகளும் அவருடையவையாக இருந்ததால், அந்த ஆல்பங்களை மீண்டும் பாடிப் பதிவு செய்து, 2021 முதல் ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கினார். 2025இல் பழைய மாஸ்டர்களையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார். அவருக்கு முடிந்தது என்பதற்காக எல்லோருக்கும் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு உரிமைகளும் வெவ்வேறு என்பதை முழு உலகமும் புரிந்துகொண்டது அவரால்தான், அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம்.

ஒருமுறை ஸ்ட்ரீமிங் செய்தால் எவ்வளவு கிடைக்கும்?

பெரிய தளங்களில் ஒரு முறைக்கு இவ்வளவு என்ற நிலையான விலை கிடையாது. சந்தாவும் விளம்பரமும் ஒரே குட்டையில் சேர்கின்றன. ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தளம் வைத்துக்கொள்கிறது. மீதி, அந்த மாதத்தின் மொத்த ஒலிப்புகளில் ஒவ்வொருவரின் பங்கைப் பொறுத்து உரிமையாளர்களுக்குப் பிரிகிறது. உரிமையாளர் என்றால் நிறுவனம், விநியோகஸ்தர், மெட்டு, வரிகளின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளர். அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே இசைக்கலைஞரின் முறை வரும்.

இதில் உள்ள சிக்கல் ஒரு சிறு கணக்கில் விளங்கும். இரண்டே சந்தாதாரர்கள், ஆளுக்கு 100 கட்டுகிறார்கள். ஒருவர் மாதம் முழுவதும் உங்கள் பாட்டை மட்டும் 50 முறை கேட்கிறார். மற்றவர் பிறருடைய பாடல்களை 950 முறை ஓடவிடுகிறார். தளத்தின் பங்கு போக மிச்சம் 140. மொத்தம் 1,000 ஒலிப்புகளில் உங்களுடையவை 50 என்பதால் உங்கள் பக்கம் வருவது 7. உங்கள் ஒருவருக்காகவே சந்தா கட்டிய ரசிகரின் பணத்தில் பெரும்பகுதி, அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத பாடல்களுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு சந்தாதாரரின் பணத்தையும் அவர் கேட்டவர்களுக்கு மட்டும் பிரித்தால் உங்களுக்கு 70 வந்திருக்கும். இந்த முறையை சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் 2021ஆம் ஆண்டு, நிறுவனத்தைச் சாராமல் தாமே வெளியிடும் கலைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது. இது எல்லோருடைய துயரத்தையும் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை, நாள் முழுவதும் பாட்டு கேட்கும் ரசிகர்களைக் கொண்டவர்களுக்கு இதில் குறையக்கூடும். ஆனால் ரசிகர் கொடுத்தது எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய முறை இது ஒன்றுதான்.

பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று 2021ஆம் ஆண்டு ஸ்ட்ரீமிங் பொருளாதாரத்தை நீண்ட நாட்கள் விசாரித்து, இந்த அமைப்பையே முழுமையாகச் சீரமைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. இசைக்கலைஞர்கள் பலர் அங்கே சாட்சி சொன்னார்கள்.

குறைவாகக் கேட்கப்படும் பாடல்களுக்குப் பணமே இல்லை என்பது உண்மையா?

ஸ்பாட்டிஃபை தளத்தில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை ஒலிக்காத டிராக்குக்கு, அதாவது தனிப் பதிவுக்கு, ஒலிப்பதிவு ராயல்டி கணக்கில் சேராது. அந்தத் தொகையைத் தளம் வைத்துக்கொள்வதில்லை, எல்லையைத் தாண்டிய மற்ற டிராக்குகளுக்குப் பிரிகிறது. சில்லறைத் தொகைதான், விநியோகக் கட்டணத்திலேயே கரைந்துவிடும் என்று விளக்கம் தரப்பட்டது. தொகை சிறியது என்பதை ஏற்கிறேன். ஆனால் புதிதாக வருபவர்களின் உழைப்புக்கு உரிய காசு, ஏற்கெனவே வளர்ந்தவர்களின் கணக்கில் சேர்வதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மற்றவர் பாட்டுக்கு வாசிக்கும் வாத்தியக்காரர்களுக்கு ராயல்டி உண்டா?

இது என் சொந்தக் கேள்வியும்கூட. ஒரு செஷன், அதாவது ரெக்கார்டிங் அமர்வு, எப்படி முடியும் என்று சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஒரு காதில் ஹெட்ஃபோனும் மறு காது வெளியிலுமாக, தாளம் காட்டும் கிளிக் சத்தத்துக்கு வாசித்திருப்பீர்கள். கடைசி டேக் சரி என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுவார்கள். வில்லைத் தளர்த்தி, தந்திகளில் படிந்த ரோசின் தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இசைக்குறிப்பு இருந்த அதே ஸ்டாண்டில் ஒரு தாள் வந்து உட்காரும். "இப்பதிவின் மீதான எல்லா உரிமைகளையும், இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட, உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று அதில் இருக்கும். அடுத்த குழு வெளியே காத்திருக்கும். அன்றைய சம்பளம் அந்தத் தாளில் கையெழுத்திட்ட பிறகே வரும். அப்படிப்பட்ட தாள்களில் நான் எத்தனை முறை கையெழுத்திட்டேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அப்படிக் கையெழுத்திட்ட பதிவுகளில் ஒன்று பிற்பாடு பல ஆண்டுகள் விளம்பரத்தில் ஒலித்தது. அதன் தொடக்கத்தில் வரும் வயலின் வரியை அன்று அந்த அறையில் நின்றபடி நானே அமைத்துக் கொடுத்திருந்தேன்.

தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் டிரம்மர் கிரிகரி கோல்மன் 1969ஆம் ஆண்டுப் பதிவொன்றில் சில விநாடிகள் தனியாக வாசித்தார். "ஆமென் பிரேக்" என்று பெயர் பெற்ற அந்தச் சில விநாடிகளை வெட்டி எடுத்துப் பயன்படுத்திய பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முழுமுழு இசை வகைகளே அதன் மேல் எழுந்தன. கோல்மன் ராயல்டி எதுவும் பெறாமலேயே 2006இல் காலமானார். 2015இல் ரசிகர்கள் தாமாகத் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்பிக்கை தரும் ஏற்பாடுகளும் உண்டு. அமெரிக்காவில் இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி ஆகியவற்றின் ஒலிப்பதிவு ராயல்டியில் 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கும், 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதம் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. கலைஞரின் பங்கு நிறுவனத்தின் கடன் கணக்கு வழியாகப் போகாமல் நேரடியாக அவரிடம் போகிறது.

சாதாரண வானொலியில் ஒலித்தால்?

பல நாடுகளில் படைப்பாளருக்கும் பாடியவருக்கும் பணம் உண்டு. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலிகள் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் மட்டுமே கொடுக்கின்றன. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இன்றுவரை எதுவும் இல்லை.

உரிமையாளர் தெரியாத பணம் என்று ஒன்று தேங்கி நிற்கிறதாமே?

ஆம், அது சிறு தொகையும் இல்லை. அமெரிக்காவில் படைப்பு உரிமைத் தொகையைத் திரட்டிப் பிரிக்க ஏற்படுத்தப்பட்ட மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற அமைப்பிடம், யாருக்கு உரியது என்று பொருத்த முடியாமல் அதுவரை தேங்கியிருந்த சுமார் 42.4 கோடி டாலரை ஸ்ட்ரீமிங் தளங்கள் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒப்படைத்தன. பாட்டு ஒலித்திருக்கிறது, காசும் வந்திருக்கிறது, பெயர்தான் இல்லை.

பெயர் தொலைவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒலிப்பதிவுக்கு எழுத்துகளும் எண்களும் கலந்து 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடும், படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற வேறொரு குறியீடும் இருக்கின்றன. இரண்டையும் யாராவது இணைத்துப் பதிய வேண்டும். அவசரத்தில் வெளியிடும்போது அதைச் செய்வதில்லை. ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதினால் தரவுத்தளத்தில் மூன்று பேர் உருவாகிவிடுகிறார்கள். ஓர் இளம் பாடகியின் அறிக்கையைப் பார்த்தபோது அவருடைய பெயரில் ஒரு எச் கூடுதலாக இருந்த பதிவு தனியாகக் கிடந்தது. இரண்டு ஆண்டுக் காசு அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் நின்றிருந்தது.

மேடை நிகழ்ச்சிகள்தான் உண்மையான வருமானம் என்கிறார்களே?

ஒருகாலத்தில் அது ஓரளவு உண்மை. இசைத்தட்டு விற்பனை சரிந்த 2000களுக்குப் பிறகு, மேடை, டிசர்ட், விளம்பரம் என்று கலைஞரின் எல்லா வருமானத்திலும் நிறுவனம் பங்கு கேட்கும் ஒப்பந்தங்கள் பெருகின. அவற்றை 360 ஒப்பந்தம் என்பார்கள். இன்னொரு பக்கம், அரங்கங்கள் பலவும் கலைஞர் தன் செலவில் அச்சிட்டுக் கொண்டுவந்த டிசர்ட் விற்பனையிலும் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. பயணம், ஒலி அமைப்பு, உடன் வாசிப்பவர்களின் சம்பளம் எல்லாம் போக, நடுத்தர நிலையில் இருக்கும் குழு ஒன்று நிறைந்த அரங்கிலிருந்து நஷ்டத்தோடு திரும்புவதும் உண்டு.

"சம்பளம் இல்லை, ஆனால் வெளிச்சம் கிடைக்கும்" என்று அழைத்தால் போகலாமா?

அந்த நிகழ்ச்சியில் ஒலி அமைப்பாளருக்கும், விளக்கு அமைப்பாளருக்கும், நாற்காலி போட்டவருக்கும் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். அவர்கள் எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் போகாதீர்கள். எவருக்கும் இல்லை, எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்துக்காகச் செய்கிறார்கள் என்றால், அது உங்கள் மனத்தைப் பொறுத்தது.

நிறுவனங்கள் எல்லாமே மோசமானவையா?

இல்லை. எவரும் கேள்விப்படாத ஒரு குரலின் மேல் பணம் போடுவது உண்மையான துணிச்சல். போட்ட பெரும்பாலான முதலீடுகள் திரும்புவதில்லை என்று நிறுவனங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சோனி மியூசிக் 2021ஆம் ஆண்டு, 2000க்கு முன் ஒப்பந்தமான கலைஞர்கள் பலரின் ஈடாகாத பழைய கடனை இனி கழிப்பதில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு வார்னரும் யூனிவர்சலும் அதே வழியில் வந்தன. பல ஆண்டுகளாக ஒரு காசும் காணாத முதிய கலைஞர்களுக்கு அது பெரிய ஆறுதல். அது ஒரு பேனா அசைவில் முடிந்தது என்பதைக் கண்டபோது, முன்பே செய்திருக்கலாமே என்ற ஏக்கமும் எழுந்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

முன்பைவிட இருக்கிறது. 1847ஆம் ஆண்டு பாரிஸ் நகர உணவகம் ஒன்றில் தன் பாட்டு இசைக்கப்படுவதைக் கேட்ட எர்னெஸ்ட் பூர்ஷே என்ற படைப்பாளர், என் பாட்டுக்கு நீங்கள் பணம் தரவில்லை, உங்கள் பானத்துக்கு நானும் தரமாட்டேன் என்று மறுத்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1851இல், படைப்பாளர்களுக்கு உரிய பணத்தைத் திரட்டித் தரும் சாசெம் என்ற உரிமைச் சங்கம் பிறந்தது. இன்று பல நாடுகளில் இயங்கும் உரிமைச் சங்கங்களுக்கு அது முன்மாதிரி.

அமெரிக்கச் சட்டத்தில், 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்து உரிய முன்னறிவிப்போடு திரும்பப் பெற வழி இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்த வேலை என்று வகைப்படுத்தப்பட்டவை அதில் சேரா. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்துக்கு இசையமைத்தவரும் பாட்டெழுதியவரும் திரையரங்குக்கு வெளியே நடக்கும் பயன்பாட்டுக்கான ராயல்டியைப் பெறும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாதபடி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, படைப்பாளருக்கும் கலைஞருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வருவாய் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி ஏற்பாடுதான். கணக்கைக் காட்டுவது கட்டாயமானால் மற்றவற்றைக் கேட்டு வாங்க முடியும்.

செயற்கை நுண்ணறிவு இந்தக் குறைகளைக் கூட்டுமா?

கூட்டிவிட்டது. குட்டையில் இருக்கும் பணம் ஒன்றுதான், அதில் பங்கு கேட்டு வரும் டிராக்குகள் பெருகுகின்றன. செயற்கையாக உருவாக்கிய லட்சக்கணக்கான டிராக்குகளைத் தானியங்கிக் கணக்குகளைக் கொண்டு ஓடவிட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாக அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் 2024ஆம் ஆண்டு ஒருவர்மீது குற்றம் சாட்டினார்கள். அப்படி எடுக்கப்படும் ஒவ்வொரு காசும் மனிதர் வாசித்த ஏதோ ஒரு பதிவின் பங்கிலிருந்துதான் குறைகிறது. நாங்கள் வாசித்ததைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவித்தார்களா என்ற கேள்விக்கும் விடை பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

சதவீதத்தைக் கேட்பதற்கு முன், எதன் சதவீதம் என்று கேளுங்கள். மொத்த வருவாயிலா, கழிவுகள் போன பிறகா? கழிவுகள் எவை என்று பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். மாஸ்டர் எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேளுங்கள், நிரந்தரம் என்றால் ஏன் என்று கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடும் உரிமை இருக்கிறதா, எத்தனை ஆண்டுகளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும் என்பதையும் பாருங்கள், அந்தக் காலம் கடந்துவிட்டால் தவறான அறிக்கையும் சரியானதாகிவிடும். இசை ஒப்பந்தங்களில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞர் அதற்கு ஈடாகமாட்டார். நண்பர்களோடு சேர்ந்து பாட்டு அமைத்தால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த அறையை விட்டு வெளியேறும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பு மிஞ்சுவது அரிது.

ஏற்கெனவே எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?

முடிவது சில உண்டு. உங்கள் நாட்டின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். கலைஞர் என்ற முறையில் சட்டம் தரும் பங்கு, நீங்கள் எழுதிக்கொடுத்த மாஸ்டரிலிருந்து வேறுபட்டதாக இருக்கலாம். வாசித்த ஒவ்வொரு செஷனின் தேதி, பாட்டின் பெயர், வாசித்த கருவி, அழைத்தவர் பெயர் ஆகியவற்றை நினைவுள்ளவரை எழுதி வையுங்கள். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கினேன். பழைய நாட்குறிப்புகளையும், வயலின் பெட்டியின் உறைக்குள் மடிந்து கிடந்த இசைக்குறிப்புத் தாள்களையும் வைத்து இதுவரை 212 பதிவுகளை அடையாளம் கண்டிருக்கிறேன். அவற்றில் 31 பதிவுகளில் என் பெயரைச் சேர்க்கச் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்றவற்றுக்கு விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.